திறந்து கிடந்த மைக்

"அப்புறம்? பைக் திரும்பி வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. ஒரு வாரம் கழிச்சு, இண்டிகேட்டர் உடைஞ்சு வந்துச்சு. கல்யாண மண்டபத்துல எவனோ ஒருத்தன் இடது பக்கமா வந்து உக்காந்து, 'அண்ணே, உங்க பைக்கைக் கொஞ்சம் எடுத்துட்டுப் போகட்டுமா'ன்னு கேட்டிருக்கான். எங்கண்ணனுக்குத்தான் இடது காது சுத்தமா அவுட்டாச்சே. சாப்பாடு நல்லாயிருக்கான்னு கேக்கறானாக்கும்னு நினைச்சு, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுத் தலையாட்டியிருக்கான்!"

சோடாபுட்டி சிரித்த சிரிப்பில் அவனுடைய மூக்குக்கண்ணாடி நழுவி மேசையில் விழுந்தது. அந்தத் தடித்த கண்ணாடிக்காகத்தான் அவனுக்கு அந்தப் பெயர். அதை எடுத்துச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, "அது சரிக்கா, அந்தக் காதை வெச்சுக்கிட்டு ரேடியோ டெக்னீஷியன் வேலையா? வருஷா வருஷம் காது டெஸ்ட் எடுக்கறாங்களே?" என்றான்.

"அங்கதானே கதையே இருக்கு."

அவள் சுழல் நாற்காலியை முழுவதுமாக அவன் பக்கம் திருப்பிக்கொண்டாள். நாலு பக்கமும் கண்ணாடி வைத்த கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உச்சி அறை அது. ஓடுபாதை இப்போது அவள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"ஹெட்போனை மாட்டி உக்கார வெப்பாங்க. சத்தம் கேக்கறப்பல்லாம் பட்டனை அமுக்கணும். அந்த ரூம்ல மருந்து அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு. நர்ஸம்மாவோட கை அதுல பளிச்சுன்னு தெரியும். அவங்க விரல் அசைய வேண்டியது, இவன் விரல் அமுங்க வேண்டியது. நூத்துக்கு நூறு! டாக்டரே முதுகுல தட்டிக் குடுத்தாராம்."

"அட!"

"இப்ப வலது காதும் இறங்கிட்டிருக்கு. தெனம் காலையில வழிகாட்டிக் கருவி அதோட பேரைச் சரியாச் சொல்லுதான்னு காதால கேட்டுக் கையெழுத்துப் போடணுமில்ல? ஐயா எப்படிக் கேக்கறார் தெரியுமா? ஸ்பீக்கர் மேல விரலை வெச்சுத் தடவிப் பாக்கறார். நாடி பிடிக்கற வைத்தியர் மாதிரி!"

மேகத்துக்குள் இருக்கும் விமானத்துக்கு, தான் எந்த ஊர்ப்பக்கம் வந்திருக்கிறோம் என்று சொல்வது அந்தக் கருவிதான். தந்திக் குறியீட்டில் நெடிலும் குறிலுமாகத் தன் பெயரை இரவும் பகலும் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். விமானிகள் முதலில் அந்த முணுமுணுப்பைக் கேட்டு, இது நம்முடைய கருவிதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே திசை காட்டும் முள்ளை நம்புவார்கள்.

சோடாபுட்டி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஒருவரைச் சிரிக்க வைத்துவிட்டால் நாக்குக்குக் கடிவாளம் இருப்பதில்லை. அவளுக்கும் அன்று அப்படித்தான் ஆயிற்று.

"இப்படிப்பட்ட ஆளு இன்னைக்குக் கேன்டீன்ல பயிற்சிக்கு வந்த பசங்க முன்னாடி என் தலையில கையை வெச்சு, 'இது நான் ஆளாக்கின பாப்பா, நான் இல்லேன்னா இவ இந்த மாடிப்படி ஏறியிருக்கவே மாட்டா'ங்கறான். எனக்கே ஒரு பொண்ணு இருக்கு, நான் பாப்பாவாம்! எல்லாரும் பல்லைக் காட்டறாங்க. நானும் ஈன்னு நின்னேன். உள்ளுக்குள்ள என்ன தோணுச்சு தெரியுமா? இந்தச் செவிட்டு ஜென்மத்தை அண்ணன்னு சொல்லிக்கவே வெக்கமா இருக்குன்னு தோணுச்சு."

இதற்குச் சோடாபுட்டி சிரிக்கவில்லை. பதில் சொல்ல வாயெடுத்தவன் அவள் தோளுக்கு மேலாக வெளியே பார்த்தான்.

"அக்கா, அது ஏன் மேல போகுது?"

அவள் திரும்பினாள். ஒரு பயணிகள் விமானம், இறங்க வேண்டிய விமானம், சக்கரங்களை மடக்கிக்கொண்டு கோபுரத்தின் கண்ணாடிகள் அதிர மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, ஓடுபாதையின் தொடக்கத்தில், ஒரு சின்னச் சரக்கு விமானம் நின்றுகொண்டிருந்தது. அதை அங்கே நிறுத்தி வைத்தவள் அவள்தான். ஓடுபாதையின் மறுகோடியில் செத்துக் கிடந்த ஒரு பறவையை எடுக்க ஜீப் போயிருந்தது. ஜீப் வெளியேறியதும் சரக்கு விமானத்தைக் கிளப்பிவிட்டு, பின்னால் வருகிறவனுக்கு இறங்க அனுமதி கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த இடைவெளியில்தான் பைக் கதையைத் தொடங்கினாள். ஜீப் எப்போதோ வெளியேறிவிட்டது. அனுமதி வராததால் அந்த விமானி செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறான்.

மைக்கை எடுத்து விமானத்தின் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். ஸ்பீக்கரிலிருந்து ஓர் இரைச்சல்கூட இல்லை. காலையிலிருந்து சந்தைக்கடை மாதிரி இரைந்துகொண்டிருந்த ரேடியோ, அவள் கதையை ஆரம்பித்ததிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மேசை விளிம்பில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மைக் திறந்திருக்கிறது என்று பொருள்.

குனிந்து பார்த்தாள். கை வேறு வேலையாக இருக்கும்போது காலால் அழுத்தி மைக்கைத் திறக்க மேசைக்கடியில் ஒரு பெடல் உண்டு. அதன் மேல் அவளுடைய பை சாய்ந்து கிடந்தது. சாப்பாட்டு டப்பா, குடை, அளவு சரியில்லாமல் கடையில் மாற்றுவதற்காக எடுத்து வந்த மகளின் ஷூ எல்லாம் சேர்ந்து அது ஒரு சின்ன மூட்டையாகவே இருந்தது. பைகளை அலமாரியில்தான் வைக்க வேண்டும். மேசைக்காலில் மஞ்சள் தாளில் 'இங்கே பை வைக்காதீர்' என்று ஒட்டியும் இருந்தது. ஒட்டியவன் அண்ணன்தான். அவன் ஒட்டிய அன்று, "வீட்டுலதான் அதை வைக்காதே இதை வைக்காதேன்னு உயிரை எடுக்கறான்னா, இங்கயுமா?" என்று இதே நாற்காலியில் உட்கார்ந்து அவள் நையாண்டி செய்திருக்கிறாள்.

ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கோபுரம் பேசிக்கொண்டே இருந்தால் கோபுரத்துக்குக் காது கேட்காது. வானத்தில் இருப்பவர்கள், ஓடுபாதையில் நிற்பவர்கள், தீயணைப்பு நிலையத்தில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்பவர்கள் என்று எல்லோருக்கும் கோபுரம் மட்டும்தான் கேட்கும்.

பையை இழுத்தாள். விளக்கு அணைந்தது. அந்த நொடியே ரேடார் அறையின் நேரடித் தொலைபேசி அலறியது. சோடாபுட்டி எடுத்தான். "ஆமாங்க... ஆமாங்க... இப்ப மூடிட்டோம்ங்க" என்றான். "மேல போன பைலட் ரேடார் அலைவரிசைக்குப் போய்ச் சொன்னாராம். நம்ம பேச்சு எல்லாமே..." அவன் முடிக்கவில்லை.

முடித்து வைத்தது ரேடியோ. சரக்கு விமானத்தின் விமானி எப்போதும் எண்ணும் எழுத்துமாக விறைப்பாகப் பேசுகிற ஆள். இப்போது சாவகாசமாகக் கேட்டார்: "டவர், இப்ப நான் பேசறது கேக்குதாம்மா? நாங்க இங்க காத்துக்கிட்டுதான் இருக்கோம். அவசரமில்ல, கதை நல்லாயிருந்துச்சு. அண்ணனை விசாரிச்சதாச் சொல்லுங்க."

வேறு யாரோ அலைவரிசையில் ஒரு கணம் சிரித்துவிட்டு மூடினார்கள்.

அவள் சரக்கு விமானத்துக்கு அனுமதி கொடுத்தாள். அது கிளம்பியது. வட்டமடித்துவிட்டு வந்தவனையும் இறக்கினாள். வேலை தன்பாட்டுக்கு நடந்தது. உடம்புக்கு உள்ளே மட்டும் ஏதோ ஒன்று சுருண்டு படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

மாடிப்படியில் கோபுர இன்சார்ஜின் செருப்புச் சத்தம் கேட்டபோது அவள் எழுந்தாள். பையை எடுத்தாள். அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். யார் சொல்லி அந்தக் கை அதைச் செய்தது என்று பிறகு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள்.

இன்சார்ஜ் கத்துகிற ஆள் இல்லை. அதுதான் இன்னும் மோசம். வேறொருவரை அவள் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, "என்னம்மா, பெடல் மாட்டிக்கிச்சா?" என்றார்.

அவராகவே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். நுழைய வேண்டியதுதான் பாக்கி.

"அப்படித்தான் நினைக்கிறேன் சார்" என்றாள்.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியை வெகுநேரம் துடைத்தான்.

பெடலைச் சரிபார்க்கச் சொல்லி ஆள் அனுப்பியதும் அண்ணன் மூச்சிரைக்க வந்தான். மத்தியானம் முழுக்க ஓடுபாதையின் கடைசியில் இருக்கும் தகரக் கொட்டகையில் இருந்திருக்கிறான். இறங்கும் விமானங்களுக்கு நேர்கோடு காட்டும் ஆண்டெனாக்கள் அங்கேதான் வரிசையாக நிற்கின்றன. பக்கத்தில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டே இருக்கும். அங்கே எந்த ரேடியோவும் கேட்காது. அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் முகத்தைப் பார்த்த உடனே அது தெரிந்தது. அதே அகலமான, அசட்டுத்தனமான, தன்னம்பிக்கை நிறைந்த முகம்.

"என்ன பாப்பா, பயந்துட்டியா? தள்ளு, டாக்டர் வந்தாச்சு" என்று கருவிப்பெட்டியைத் தொப்பென்று வைத்தான். மேசைக்கடியில் மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டுக்கொண்டான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களில் ஒரு காலுறை கறுப்பு, இன்னொன்று கருநீலம். பெடலைக் கையால் அமுக்கினான், விட்டான். டக். அமுக்கினான், விட்டான். டக். ஒவ்வொரு முறையும் அது புத்தம் புதியதுபோலத் துள்ளி எழுந்தது. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. இன்சார்ஜ் மட்டும் தொலைபேசியில் யாரிடமோ, "இல்லைங்க, பயணிங்களுக்கு ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டக் டக் நின்றது. பிறகு அண்ணனின் கை ஒன்று மெதுவாக வெளியே வந்து கருவிப்பெட்டிக்குள் எதையோ போட்டு மூடியது.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். அவள் பக்கம் பார்க்கவில்லை.

"ஸ்பிரிங் போச்சு சார். அமுக்கினா சில நேரம் மேல வரமாட்டேங்குது. போன மாசமே மாத்தியிருக்கணும், என் தப்புதான். இப்பவே மாத்திடறேன்."

"உன் பேருக்குத்தான்பா கண்டனக் குறிப்பு வரும்."

"வரட்டும் சார். எத்தனையோ வந்திருக்கு, இது ஒண்ணு கூட."

அவள் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். இன்சார்ஜ் போகிற போக்கில், "ரேடார்காரங்க எல்லாம் ஏதோ சிரிக்கறாங்க, என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க. இறங்காம மேல போன கேப்டன் புகார் எழுதப் போறாராம். மைக் திறந்திருந்த நேரத்துல போன பேச்சு மொத்தமும் வேணும். பதிவைக் கேட்டு, ஒரு வார்த்தை விடாம எழுதி, நாளைக்குக் காலையில என் மேசையில வெச்சிடு" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அண்ணனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அவள் பின்னாலேயே போனாள். படிக்கட்டு திரும்பும் இடத்தில் அவன் நின்று, பெட்டியைத் திறந்து, ஓர் ஒற்றை ஷூவை எடுத்து அவள் கையில் வைத்தான். மகளுடையது. பையிலிருந்து நழுவி மேசைக்கடியில் கிடந்திருக்கிறது.

"பையை அங்க வைக்காதேன்னு ஒட்டி வெச்சேனில்ல? ஒட்டினவன் கிறுக்கன், அப்படித்தானே?" என்றான். கோபம் இல்லை. கொஞ்சம் ஜம்பம்தான் இருந்தது. தன் பேச்சு கடைசியில் சரியென்று ஆகிவிட்ட மனிதனின் ஜம்பம். "போகட்டும் விடு. எனக்கு ஒரு குறிப்பு வந்தா ஒண்ணும் ஆகாது. உனக்கு வந்தா நாற்காலி போயிடும். உங்க அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடாதே, 'தங்கச்சின்னா உருகிடுவீங்களே'ன்னு ஆரம்பிச்சிடுவா."

ஒற்றை ஷூவைப் பிடித்தபடி அவள் நின்றாள். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது. கேன்டீனில் எல்லோர் முன்னாலும் தலையில் கை வைத்ததற்காகக் காலையிலிருந்து அவன்மேல் வைத்திருந்த எரிச்சல், பிடிமானம் இல்லாமல் எங்கேயோ சரிந்து விழுந்துவிட்டது. அது இருந்த இடத்தில் இப்போது வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு எடை அதிகம்.

கருவி அறைக்குப் போக முற்றத்தைக் கடக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்தின் வாசலில் நாலைந்து பேர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அண்ணனைப் பார்த்ததும் ஒருவன் இன்னொருவனை முழங்கையால் இடித்தான். மீசைக்கார டிரைவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு, கையைக் குவித்துக் காதருகே வைத்துக் காட்டினான். மற்றவர்களும் அதேபோலக் காதில் கையை வைத்துத் தலையைச் சாய்த்தார்கள்.

அண்ணன் உற்சாகமாகக் கையை ஆட்டினான். பிறகு தானும் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காதில் வைத்து, "பண்றேன், பண்றேன், சாயங்காலம் போன் பண்றேன்!" என்று உரக்கச் சொன்னான்.

அவர்கள் சிரித்த சிரிப்பில் வாளி உருண்டது.

"பாசக்காரப் பசங்க" என்றான் அவளிடம். "மீசை ரொம்ப நாளா வீட்டுக்கு வாங்கன்னு சொல்லிட்டிருந்தான். அதான் போல."

நிலம் பிளந்து விழுங்கட்டும் என்று மனிதர்கள் சொல்வதை அவள் பேச்சுக்குச் சொல்வது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். அந்த முற்றத்தில், ஈரத்தில் மின்னிய சிமெண்டுத் தரையை அவள் நிஜமாகவே ஒரு நம்பிக்கையோடு பார்த்தாள்.

கருவி அறை எப்போதும்போலக் குளிர்ந்து கிடந்தது. ஆளுயர இரும்பு அடுக்குகளில் பச்சை விளக்குகள் கண் சிமிட்டின. மூலையிலிருந்த சிறிய ஸ்பீக்கரில் வழிகாட்டிக் கருவி தன் பெயரை நெடிலும் குறிலுமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அண்ணன் உள்ளே வந்ததும் பழக்கதோஷத்தில் அதன்மேல் ஒரு விரலை வைத்துப் பார்த்தான். திருப்தியாகத் தலையசைத்தான். அவள் சற்று முன்னால் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்த அதே விரல்.

அவன் பதிவுக் கருவியின் முன்னால் உட்கார்ந்து நேரத்தைத் தேடத் தொடங்கினான். பக்கத்தில் வெள்ளைத்தாள்களை அடுக்கி, பேனாவை உதறி எழுதிப் பார்த்தான். விஷயம் எளிமையாகத்தான் இருந்தது. அந்தத் தாள் நிரம்பினால், மருந்து அலமாரியின் கண்ணாடிக் கதவும் அதில் ஏறும். அது மேலிடத்துக்குப் போகும். பிறகு அண்ணனுக்கு இந்த அறையில் இடம் இருக்காது. அவன் எல்லாவற்றுக்கும் கீழே தன் கையெழுத்தைப் போட்டுத் தானே கொண்டுபோய்க் கொடுப்பான். அதற்கெல்லாம் முன்னால், முதலில், அவன் அதைக் கேட்பான்.

சொல்லிவிட வேண்டும். பதிவு சொல்வதற்கு முன்னால் தன் வாயால் சொல்லிவிட வேண்டும்.

"அண்ணா" என்றாள். அவன் குனிந்தே இருந்தான். "அண்ணா, நான் உன்னைப் பத்தித்தான் பேசிட்டிருந்தேன். உன் காதைப் பத்தி. டெஸ்ட்டுல நீ பண்றது, எல்லாத்தையும் சொல்லிட்டேன். சிரிக்கறதுக்காகச் சொன்னேன். உன்னை அண்ணன்னு சொல்லிக்க வெக்கமா இருக்குன்னு சொன்னேன். எல்லாருக்கும் கேட்டிருச்சு. மீசை உன்னை போன் பண்ணச் சொல்லலை."

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

பொத்தான்கள் அழுத்தப்படும் சத்தம் கேட்டது. அண்ணன் மெல்லிய குரலில் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கண்ணைத் திறந்தபோதுதான் அவள் தான் நிற்கும் இடத்தைப் பார்த்தாள். அவனுடைய இடது தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணனோடு சிறுவயதிலிருந்தே பேசிப் பழகியவள். அவனுக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று யோசித்துக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. கால்கள் தாமாகவே வலது பக்கம் போய்விடும். சாப்பிட உட்கார்ந்தாலும் சாலையில் நடந்தாலும் அப்படித்தான். இன்று மட்டும் அவை ஏன் இந்தப் பக்கம் வந்து நின்றன? வெட்கத்துக்குக்கூட ஓர் அடித்தரை இருக்கும் என்று நினைத்திருந்தவளுக்கு, அதற்குக் கீழேயும் படிகள் இறங்கிக்கொண்டே போவது தெரிந்தது.

வலது பக்கம் போக ஓர் அடி எடுத்து வைத்தாள். அதற்குள் அவனே நாற்காலியைத் திருப்பிவிட்டான்.

"கிடைச்சிடுச்சு பாப்பா. இங்கிருந்துதான் ஆரம்பிக்குது" என்றான். எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். திரும்பி வந்தபோது அந்த ஜம்பம் முகத்தில் இல்லை. அண்ணி வீட்டில் இல்லாத நேரத்தில் அடுப்பில் எதையோ கருகவிட்டவனைப் போல நின்றான்.

"ஒண்ணு சொல்லணும். இது உன் மைக் விஷயமாச்சே, விதிப்படி இன்னைக்கு நீ இந்த ரூம்லயே இருக்கக் கூடாது, தெரியும். ஆனா எனக்கு வேற யாரு இருக்கா? இந்த வலது காது... போன மழையிலேர்ந்து சரியில்லை. யார்கிட்டயும் சொல்லலை, அண்ணிகிட்டகூட. மனுஷங்க முகத்தைப் பாத்துப் பேசினா சமாளிச்சிடறேன். பதிவுல போற பேச்சுக்கு முகம் இல்லையே. வெறும் இரைச்சலாத்தான் விழுது."

இதற்கு முன்பும் இரண்டொரு தரம் அவன் ஏதேதோ சாக்குச் சொல்லி அழைத்தபோது, காரணத்தை ஊகித்துக்கொண்டே அவள் இப்படி உதவியிருக்கிறாள். அவள் கேட்டுச் சொல்லச் சொல்ல அவன் எழுதுவான். அவள் என்ன சொன்னாலும் எழுதுவான். ஒரு முறைகூட, சரிதானா என்று திருப்பிக் கேட்டதில்லை.

அவன் ஹெட்போனை எடுத்து, அதன் பஞ்சு உறையைச் சட்டையில் துடைத்து, அவள் கைகளுக்குள் வைத்தான். பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டு தாளை நேராக்கினான். பிறகு உதடுகளைப் படிப்பதற்குத் தோதாக அவள் முகத்துக்கு நேராக நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டான்.

"சும்மா அரட்டைதானே அடிச்சிருப்பீங்க, வெக்கப்படாதே. நீ கேட்டுக் கேட்டு மெதுவாச் சொல்லு பாப்பா. ஒரு வார்த்தை விடாம சொல்லு, நான் அப்படியே எழுதிக்கறேன்."